மனநல ஆலோசனைக்கு முதல்முறை போகிறீர்களா? எவ்வளவு நேரம், எத்தனை வாரம் என்று தெரிந்துகொண்டு போங்கள்

"எவ்வளவு நேரம் ஆகும்?" மனநல ஆலோசனைக்குப் போய்ப் பாருங்கள் என்று சொன்னதும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வந்து திரும்புகிறவருக்கு பஸ் நேரம் பார்க்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும், அன்றைய கூலியும் போகும்.

நேரடியான பதில் இது: உளவியலாளர் ஒருவரோடு உட்கார்ந்து பேசும் நேரம் வழக்கமாக 45 முதல் 50 நிமிடம். வாரம் ஒரு முறை. முதல் நாள் மட்டும் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை போகலாம்.

உறவுக்காரர்களையும் தெருக்காரர்களையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறவன் நான். ஒரு தடவையோடு நிறுத்திவிடுகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், முக்கால்வாசிப் பேருக்கு மனத்தாங்கல் நேரத்தைப் பற்றித்தான் இருக்கிறது. "அஞ்சே நிமிசத்துல அனுப்பிட்டாவ" என்று ஒருவர் சொல்வார். "பேசிக்கிட்டு இருக்கும்போதே மணியப் பாத்துட்டாவ" என்று இன்னொருவர் சொல்வார். இந்த ஒரு காரணத்துக்காக ஒருவருடைய சிகிச்சை நின்றுபோவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மனநலத்தில் பட்டமேற்படிப்போ பட்டயமோ படித்தவர். நோயை நிர்ணயித்து மருந்து எழுதுவார். முதல் தடவை விரிவாகக் கேட்பார். அதன்பிறகு மருந்து ஒத்துக்கொள்கிறதா, தூக்கம் வருகிறதா, பக்கவிளைவு உண்டா என்று பார்ப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கூட்டம் அதிகமுள்ள அரசு ஆஸ்பத்திரியில் அது ஐந்து நிமிடமாகவும் சுருங்கும். நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. வெளியே பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் முக்கால் மணி நேரம் எதிர்பார்க்க முடியாது.

உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சும் பயிற்சியும்தான் அவருடைய சிகிச்சை. அதனால்தான் அவருக்கு 45, 50 நிமிடம் வேண்டியிருக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் பெரும்பாலும் இரண்டு வருட எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். உண்மையான ஆள் கோபப்பட மாட்டார். கவுன்சிலர் என்று போர்டு வைத்திருக்கிறவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். படிப்பு என்ன, எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

காசு கட்ட வழியில்லை என்றால் ஹைகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய், ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவுக்குப் போகலாம். டாக்டரைப் பார்க்கும்போது, "மாத்திரையோட சேத்து, உக்காந்து பேசவும் ஏற்பாடு செய்ய முடியுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவரை அந்த வழி உங்கள் கண்ணில் படாமலே போகலாம். அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு எந்தக் கிழமை வருகிறது என்று அங்கே சொல்வார்கள்.

போவதற்கு முன் ஒரு போன்

தனியாரிடம் போவதாக இருந்தால் முதலில் போன் செய்யுங்கள். ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு கட்டணம், தாமதமாக வந்தால் என்ன ஆகும், வர முடியாமல் போனால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்து நீங்கள் பதினொன்றே காலுக்குப் போனால், பெரும்பாலான இடங்களில் மிச்சமுள்ள அரை மணி நேரம்தான் உங்களுக்கு. பின்னால் இன்னொருவர் காத்திருப்பார்.

அதனால் ஒரு பஸ் முன்னதாகவே ஏறிவிடுங்கள். வள்ளியூர்க்காரரோ களக்காட்டுக்காரரோ 50 நிமிடப் பேச்சுக்கு அரை நாளை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி டவுனுக்குள் நேரம் வாங்காதீர்கள், வந்து சேர முடியாது. ஊர்க் கொடை, வீட்டு விசேஷம் எல்லாம் காலண்டரில் பார்த்துவிட்டு நாள் சொல்லுங்கள். தொடக்கத்தில் மூன்று நான்கு வாரம் விடாமல் போவது ரொம்ப முக்கியம்.

போனிலோ வீடியோவிலோ பேசுகிற வசதியும் இப்போது பலர் தருகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் அந்த 50 நிமிடமும் யாரும் எட்டிப் பார்க்காத இடம் வேண்டும். பெரியவர்கள் திண்ணையில், பிள்ளைகள் தட்டட்டியில் என்று ஆள் நிறைந்த வீட்டில் மனசுவிட்டுப் பேச வராது. அப்படிப்பட்டவர்கள் நேரில் போவதே மேல்.

முதல் நாள்

முதல் நாள் கேள்விகள்தான் அதிகம். தூக்கம் எப்படி, பசி எப்படி, எப்போதிருந்து இப்படி, வீட்டில் வேறு யாருக்காவது இருந்திருக்கிறதா, சாப்பிடுகிற மாத்திரை என்ன, குடிப்பழக்கம் உண்டா, செத்துப்போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் சிலர் பதறிப்போகிறார்கள். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. உள்ளதை அப்படியே சொல்லுங்கள். "எல்லாத்தையும் கேட்டாவ, ஒண்ணும் சொல்லல" என்று நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வெளியே வருவீர்கள். எதற்கு எது சிகிச்சை என்று முடிவுசெய்ய அவருக்கு அந்தத் தகவலெல்லாம் வேண்டும்.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் அத்தான், மதினி, பெரியம்மா என்று குடும்பமே கிளம்பிவிடும். அக்கறையில்தான் வருகிறார்கள். ஆனால் எல்லோரும் உள்ளே போனால் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசியே நேரம் முடிந்துவிடும். துணைக்கு ஒருவர் போதும். அவரும் தொடக்கத்திலோ முடிவிலோ கொஞ்ச நேரம் பேசிவிட்டு வெளியே வந்து உட்காரட்டும்.

உள்ளே பேசுவது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும், தடுப்பதற்குத் தேவையானவர்களிடம் உளவியலாளர் சொல்வார். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் நாளே அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. யாரைப் பார்த்தாலும் "சொந்த ஊரு எது, யாரு வீடு?" என்று ஆரம்பித்து, உறவுமுறை கண்டுபிடித்தபிறகுதான் நமக்குப் பேச்சே ஓடும். உளவியலாளரிடம் அதை விட்டுவிடுங்கள். உங்கள் நேரத்தில் பத்து நிமிடம் போய்விடும். அதோடு, அவர் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று தெரிந்துவிட்டால் சில விஷயங்களை உங்களாலேயே அவரிடம் சொல்ல முடியாமல் போகும். அவர் அந்தக் கேள்விக்குப் பட்டும் படாமலும் பதில் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த 50 நிமிடத்துக்குள் என்ன நடக்கும்

முதல் ஐந்து பத்து நிமிடம், போன வாரம் எப்படிப் போனது, கொடுத்த பயிற்சியைச் செய்து பார்த்தீர்களா என்ற பேச்சு. நடுவில் அரை மணி நேரம் அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம். கடைசிப் பத்து நிமிடம், பேசியதைத் தொகுத்து, அடுத்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை கொடுத்து, தேதி குறிப்பது. மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் அமெரிக்காவில் உருவாக்கிய சிந்தனை-நடத்தை சிகிச்சையில், அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குகிற முறையில், இந்த ஒழுங்கு நன்றாகத் தெரியும். வேறு முறைகளில் இவ்வளவு கட்டுப்பாடாக இருக்காது.

ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு ஏன் 50 நிமிடத்தில் முடிக்கிறார்கள்? மிச்சம் பத்து நிமிடத்தில் அவர் குறிப்பு எழுதுவார், தண்ணீர் குடிப்பார், உங்கள் துக்கத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். உளப்பகுப்பாய்வு என்ற பேச்சு சிகிச்சையைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் பிராய்டு, வியன்னாவில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று ஒதுக்கி, வாரத்தில் ஐந்தாறு நாள் அதே ஆளைப் பார்த்தார். பின்னாளில் பாரிசில் அதே சிகிச்சையைச் செய்த ழாக் லக்கான் நேரத்தை இஷ்டத்துக்குச் சுருக்கினார், சில நாள் சில நிமிடங்களிலேயே முடித்துவிடுவார். அதனால் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தோடு பெரிய தகராறே வந்தது. இன்றைக்கு அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்கில் 38 முதல் 52 நிமிடம் வரை பேசினால் அது 45 நிமிட அமர்வு என்று எழுதப்படுகிறது. ஆக, 50 நிமிடம் என்பது பழக்கத்திலும் வசதியிலும் நிலைத்த ஓர் அளவு. 40 நிமிடத்தில் முடித்தால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை.

நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு எங்கள் சித்தி ஒருவர் கதையைச் சொல்கிறேன். எழுதலாம் என்று அவரே சொன்னார். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர். சித்தப்பா தவறிப்போன பிறகு ஆள் பாதியாகிவிட்டார். நான்தான் கூட்டிப்போனேன். இரண்டாம் தடவை உள்ளே போய், மருமகள் பேசியது, பீடிக்கடையில் புகையிலைத் தூளை எடை போட்டது, இலை மோசமாக வந்தது என்று நாற்பத்தைந்து நிமிடமும் பேசியிருக்கிறார். நேரம் முடிந்து மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்தவர் திரும்பி நின்று, "இன்னொண்ணும்மா... ராத்திரி கண்ண மூடுனா அவரு விழுந்து கெடந்ததுதான் தெரியி" என்று சொல்லியிருக்கிறார்.

உளவியலாளர் இளம் பெண். எழுந்து பக்கத்தில் வந்து, "அக்கா, செத்துப்போயிரலாம்னு தோணுதா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லம்மா, பேரப்பிள்ளையளுக்காக இருக்கணும்லா" என்று சித்தி சொன்னதும், சித்தி கண் முன்னாலேயே நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி மேலே எழுதிவிட்டு, "இத ரெண்டு நிமிசத்துல கேட்டா சரியா இருக்காதுக்கா. அடுத்த வாரம் வந்ததும் இதத்தான் மொதல்ல பேசப்போறோம்" என்று அனுப்பியிருக்கிறார். பஸ்ஸில் வரும்போது சித்திக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த வாரம் போனார். அந்தப் பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கியது.

பாரமான விஷயம் கடைசி நிமிடத்தில் வாய்க்கு வருவது மனித இயல்பு. உளவியலாளர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே உள்ளே போகுமுன் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைக்கு இதைச் சொல்லாமல் வரமாட்டேன் என்று. உட்கார்ந்ததும் சொல்லுங்கள், அல்லது தாளை நீட்டுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதனால் நேரம் வீணாகாது. பேச்சு வராமல் சும்மா இருக்கும் நிமிடமும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தவரை மணியைப் பார்த்து வழியனுப்புகிற பழக்கம் நமக்குக் கிடையாது. அதனால்தான் "நேரம் ஆயிட்டு" என்ற சொல் சுருக்கென்று தைக்கிறது. ஆனால் அந்த வரையறை உங்களுக்கும் பாதுகாப்பு. இவ்வளவு நேரம்தான் இதைத் தாங்க வேண்டும் என்று தெரிந்தால், தொடவே பயந்த விஷயத்தைக்கூடத் தொட முடியும்.

வேறு கணக்கு உள்ள இடங்கள்

சின்னப் பிள்ளைகளுக்கு 30, 40 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. விளையாட்டும் படமுமாகப் போகும், பெற்றோரிடம் தனியாகப் பேசுவார்கள். கணவன் மனைவி சேர்ந்து போனால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். குழுவாகப் பேசினாலும் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சிக்கான சில சிகிச்சைகளில் ஒரு அமர்வே 90 நிமிடம் நடக்கும்.

நேரம் அதிகம் பிடிப்பது பரிசோதனைகள்தான். பிள்ளைக்குப் படிப்பில் குறைபாடா, அறிவுத்திறன் அளவு என்ன என்று பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சில சமயம் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வார்கள். காலையில் நன்றாகச் சாப்பிட வைத்து, கையில் தின்பண்டமும் தண்ணீரும் கொண்டு போங்கள். பொதுத்தேர்வில் சலுகை வாங்க வேண்டுமானால் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். தேர்வுக்கு முந்தின மாதம் ஓடினால் சோதனை, சான்றிதழ், பள்ளிக்கூடத்துக் காகித வேலை எதுவும் முடியாது.

எத்தனை வாரம்?

அமர்வின் நீளத்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. சிந்தனை-நடத்தை சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வு. 1986இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஹோவர்டும் உடன் ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எட்டு அமர்வுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 26 அமர்வுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. ஒரே தடவையில் சரியாகவில்லை என்று நிறுத்துகிறவர் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்த நேரத்தை வைத்தும் நல்லது செய்ய முடியும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களோடு 30, 40 நிமிடமாக ஆறு முதல் எட்டு தடவை பேச வைத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சேரன்மகாதேவியிலோ நாங்குநேரியிலோ அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், அதை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். விடாமல் போனால் அரை மணி நேரமும் பெரிது.

நான்காவது தடவை வாக்கில், "நாம எங்க வந்திருக்கோம், இன்னும் எத்தன தடவ வரணும்?" என்று கேளுங்கள். அவர் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சமும் முன்னேற்றம் இல்லை என்றால் முறையை மாற்றலாம், ஆளை மாற்றலாம், மருந்து தேவையா என்று டாக்டரிடம் காட்டலாம். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

முழுக் கட்டணம் வாங்கிவிட்டு ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்தில் அனுப்புகிறவர், உங்கள் நேரத்தில் போன் பேசுகிறவர், தன் வீட்டுக் கதையைச் சொல்கிறவர் இவர்களிடம் நேராகக் கேளுங்கள். மாறவில்லை என்றால் விலகுங்கள். இதற்கு நேர்மாறாக, வாராவாரம் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறவர், ராத்திரியில் போன் செய்து பேசுகிறவர், வெளியே சந்திக்கலாம் என்று கூப்பிடுகிறவர் இன்னும் ஆபத்து. அக்கறை மாதிரித்தான் தெரியும். எல்லை தாண்டுகிற நடத்தை அது. "ஒரே சிட்டிங்கில் குணம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்த அமர்வு வரை பொறுக்க முடியாவிட்டால்

வாரத்துக்கு 50 நிமிடம் என்பது ஆபத்து இல்லாத நாட்களுக்கான ஏற்பாடு. சாக வேண்டும் போல இருக்கிறது, வீட்டில் ஒருவர் அப்படிப் பேசுகிறார் என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 என்ற உதவி எண்ணும் உண்டு. பூச்சிமருந்து, அரளிவிதை, மாத்திரை என்று எதையாவது சாப்பிட்டுவிட்டால் 108ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்ற வகையில்தான் 2017 சட்டம் இருக்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை.

வெளியே வந்த பிறகு

முடிந்ததும் ஓடிப்போய் பஸ் ஏறாதீர்கள். சிலருக்குத் தலைவலிக்கும், அசதியாக இருக்கும், காரணமில்லாமல் கண் கலங்கும். ஒரு டீ குடித்துவிட்டு, ஞாபகம் இருக்கும்போதே அவர் சொன்ன பயிற்சியை எழுதிக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் "என்ன சொன்னாவ?" என்று கட்டாயம் கேட்பார்கள். "அடுத்த வாரம் வரச் சொன்னாவ" என்று சொல்லுங்கள், அது போதும். துணைக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: திரும்பி வரும் வழியில் ஒன்றும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரியாகி வரும்போது வாரம் ஒரு தடவை என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாகும், அப்புறம் மாதம் ஒரு தடவையாகும். நிறுத்துகிற நாளையும் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான் முறை. கடைசி அமர்வில், மறுபடி தூக்கம் கெட்டாலோ பழைய பயம் திரும்பினாலோ முதலில் என்ன செய்ய வேண்டும், எப்போது மீண்டும் வர வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தும் சாப்பிடுகிறவர் என்றால், பேச்சு முடிந்துவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.